பழைய கேம்பர் வேனில் இரைச்சலையும் வெக்கையையும் அடக்குவது எப்படி: வெறும் தகரத்திலிருந்து உட்பலகை வரை

பழைய வேனை வாங்கி அதற்குள் குடியிருக்க நினைக்கிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் அலுமினியத் தாள் ஒட்டிய கறுப்பு ஷீட்டைத்தான். சுருள் சுருளாக வாங்கி, தரை, சுவர், கூரை என்று ஓர் இடம் விடாமல் ஒட்டிவிடுவார்கள். வண்டியின் எடை நன்றாகக் கூடும். இரைச்சல் கொஞ்சம் குறையும். குளிர் இரவில் தகரம் முன்பு வேர்த்தது போலவே வேர்க்கும். அதிர்வை அடக்கும் பொருள் வேறு, சத்தத்தை மறிக்கும் பொருள் வேறு, வெப்பத்தைத் தடுக்கும் பொருள் வேறு. மூன்றையும் ஒரே ஷீட் செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய வண்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் இரைச்சலில் பெரும்பங்கு தேய்ந்த பாகங்களிலிருந்தும் இற்றுப்போன ரப்பரிலிருந்தும் வருகிறது. அதை மூடி மறைக்க முடியாது, சரிசெய்யத்தான் முடியும். அதனால் இந்த வேலையில் பாதி, ஷீட் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதல் படி: சத்தம் எங்கிருந்து வருகிறது?

எதையும் கழற்றாமல் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சாலையையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதே சாலையில் இதே வேகத்தில் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலியைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும். அதில் வரும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் அதே கைபேசியை அதே இடத்தில் வைத்து அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். 10 டெசிபல் குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானது போலத் தோன்றும். 3 டெசிபல் குறைவு என்பது உன்னித்துக் கேட்டால் தெரிகிற அளவுதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். வண்டி நின்றபடியே ஆக்ஸிலேட்டரை மெல்ல ஏற்றினால் வருகிற சத்தம் எஞ்சினுடையது அல்லது சைலன்சருடையது. ஆளில்லாத நேர்ச்சாலையில் கிளட்சை மிதித்து எஞ்சினை ஐட்லிங்கில் விட்டால், மிஞ்சுவது டயரும் காற்றும். சாலையின் மேற்பரப்பு மாறும்போது ஒலியும் மாறினால் டயர். பரப்பு மாறியும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறினால் காற்று. லேசாக இடமும் வலமும் திருப்பும்போது ‘ஹூம்ம்’ என்ற ஓசை கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

காற்றுச் சத்தத்தைப் பிடிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை வாங்கி, ஓட்டுநர் கதவைத் தவிர மற்றக் கதவுகளின் இடுக்குகளை வெளியிலிருந்து ஒட்டி ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கதவாக டேப்பைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தக் கதவு ஊளையிடுகிறது என்பது தெரிந்துவிடும். கூரையில் வெறுமனே கிடக்கும் கேரியர் கம்பிகளையும் ஒருமுறை கழற்றிவிட்டு ஓட்டுங்கள். பழைய வேன்களில் பாதி ஊளை அங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாம் படி: மெக்கானிக் வேலையை முதலில் முடியுங்கள்

எஞ்சின் மவுண்ட் ரப்பர் கெட்டியாகிப் போயிருந்தால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் அப்படியே சேஸிக்கு இறங்கும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் அறுந்திருந்தால் குழாய் தரையில் இடித்துக்கொண்டே வரும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தால் சத்தம் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அதை உடனே சரிசெய்யுங்கள்.

டயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருந்தாலும் பல வருடம் நின்றுகிடந்த டயர் கல் போல் இறுகியிருக்கும், அதன் உறுமலை எந்த ஃபோமாலும் அடக்க முடியாது.

அப்புறம் கதவு பீடிங், அதாவது கதவோரத்து ரப்பர். ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் நல்லது, சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. கதவைச் சுற்றிலும் இப்படிப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் உருவிக்கொண்டு வந்தால் பீடிங்கையே மாற்றுங்கள். ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் கதவுக் கீலோ கொண்டி விழும் இடமோ நகர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்தாலே போதும். தள்ளுகதவு உள்ள வேன்களில் உருளைகள் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும். புது ரப்பர் போட்டும் பயனில்லாமல் போவது இங்கேதான்.

ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில், ஒயர்களும் கேபிள்களும் நுழையும் ஓட்டைகளில் இருக்கவேண்டிய குரோமெட் ரப்பர்கள் பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் இருக்காது. யாரோ எப்போதோ ஒரு ஒயரை இழுத்துவிட்டு ஓட்டையை அப்படியே விட்டிருப்பார்கள். இரவில் எஞ்சின் பக்கம் ஒரு விளக்கை எரியவிட்டு, உள்ளே இருட்டில் படுத்துக்கொண்டு பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் வருகிறதோ அங்கெல்லாம் சத்தமும் வருகிறது.

ஓட்டைகள் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சதுர மீட்டர் தடுப்பில் 10-க்கு 10 சென்டிமீட்டர் ஓட்டை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பில் அது ஒரு சதவீதம்தான். மீதி 99 சதவீதம் கோட்டைச் சுவராகவே இருந்தாலும் அந்தத் தடுப்பால் மொத்தம் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. ஓட்டையை விட்டுவிட்டுச் சுவரைத் தடிமனாக்குவது வீண் செலவு.

மூன்றாம் படி: கழற்றுதல், கசிவு, துரு

பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு உட்பலகைகள், தரை விரிப்பு, பழைய கூரைத் துணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களைத் தனித்தனிப் பொட்டலமாக்கி எழுதி வையுங்கள். முகமூடியும் கையுறையும் கட்டாயம். பல வருடத் தூசி, பூஞ்சை, எலி எச்சம் எல்லாம் அங்கே இருக்கும். 1980-களிலோ அதற்கு முன்போ வந்த வண்டியில் எஞ்சின் பக்கம் நார்நாரான பழைய வெப்பத் தடுப்புப் பட்டைகள் இருந்தால் பிய்க்காதீர்கள். அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். பரிசோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு, தெரிந்தவர்களை வைத்து எடுங்கள்.

வெறும் தகரம் தெரிந்ததும் தண்ணீர் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலாக, ஒரு பகுதி முடிந்த பிறகு அடுத்தது என்று மெதுவாகப் போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எங்கும் வழிந்து, எந்த இடுக்கில் நுழைந்தது என்றே தெரியாது. கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், கூரையோரத் தண்ணீர்க் கால்வாயின் இணைப்பு, கேரியர் போல்ட்டுகள், கூரை ஜன்னல், பின்விளக்கு ஆகிய இடங்களில் அதிகம் கசியும்.

கசிவை அடைத்த பிறகு துரு. இந்த வேலையை அவசரமாகச் செய்தால் பிறகு எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க நேரும், ஏனென்றால் இதன்மேல்தான் மற்ற எல்லாம் ஒட்டப்படப் போகிறது. கம்பி பிரஷும் உப்புத்தாளும் கொண்டு உளுத்த துருவைத் தேய்த்தெடுங்கள். சுத்தியின் முனையால் தட்டிப் பாருங்கள். உள்ளே போனால் அது பெயின்ட் வேலை அல்ல, வெல்டிங்கும் டிங்கரிங்கும் தேவை. ஓட்டையைப் பட்டி வைத்து மறைப்பது சில மாதங்களுக்குத்தான் தாங்கும். தேய்த்தும் போகாத நுண்துருவுக்கு டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சாதாரண பிரைமர் மட்டும் அடித்து விட்டால் ஈரம் ஊடுருவும். அதன்மேல் ஒரு கோட் பெயின்ட் வேண்டும். பெயின்ட் முழுதாக இறுகும்வரை எதையும் ஒட்டாதீர்கள். உள்ளே சிக்கும் தின்னர் ஆவி பிசினைக் கெடுக்கும்.

கதவுகளின் அடியிலும் பக்கப் பெட்டிச் சட்டங்களின் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பை எடுங்கள். இனி செய்யப்போகும் எந்த வேலையிலும் இந்தத் துளைகள் மூடக்கூடாது. வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு, பெட்டிச் சட்டங்களின் உட்பக்கத்துக்குத் துருக்காப்பு மெழுகை நீண்ட குழாய் வைத்து அடித்துவிடுங்கள்.

நான்காம் படி: தகரத்தின் அதிர்வை அடக்குதல்

பக்கச் சுவர்த் தகரத்தின் நடுவில் விரல் மடித்துத் தட்டுங்கள். ‘டங்ங்’ என்று இழுத்தால் அந்தத் தகடு தானே ஒலிபெருக்கி வேலை செய்கிறது என்று அர்த்தம். முதலில் சொன்ன கறுப்பு ஷீட், அதாவது அலுமினியத் தாளோடு கூடிய பியூட்டைல் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட், இதற்காகத்தான். தகரம் வளைந்து நிமிரும்போது, தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மாட்டிய பியூட்டைல் இழுபடுகிறது. அந்த அசைவு சிறிதளவு வெப்பமாக மாறிச் செத்துப்போகிறது. அலுமினியம் விறைப்பாக இருந்தால்தான் இது நடக்கும். தாள் கனமாக, பியூட்டைல் 2 மி.மீ.யாவது இருக்கும்படி வாங்குங்கள்.

தகடு முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் கால் பங்கு பரப்பை மூடினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மீதிக்குச் செலவு செய்வது, எடை ஏற்றுவது தவிர வேறெதற்கும் உதவாது. 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ இருக்கும். உள்ளே 25 சதுர மீட்டர் தகரம் உள்ள வேனில் எங்கும் ஒட்டினால் 75 முதல் 100 கிலோ. கால் பங்கு என்றால் இருபது, இருபத்தைந்து கிலோவோடு முடிந்தது. தட்டிப் பார்த்து ‘டொக்’ என்று சத்தம் வந்தால் போதும், நிறுத்திவிட்டு அடுத்த தகட்டுக்குப் போங்கள். ஏற்கனவே மடிப்பும் விறைப்பும் உள்ள இடங்களுக்கு ஷீட் தேவையே இல்லை.

ஒட்டும் முறை: தகரத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது. தகரம் சில்லென்று இருந்தால் ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்குங்கள். சிறிய துண்டுகளாக வெட்டி, ஒரு முனையிலிருந்து காற்றுக் குமிழ் சிக்காமல் ஒட்டி, சின்ன இரும்பு உருளையால் அழுத்தி உருட்டுங்கள். அலுமினியத்தின் மேல் புடைப்பாக உள்ள கட்டங்கள் மறையும் அளவுக்கு உருட்ட வேண்டும். வெட்டிய அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள்.

தார் கலந்த மலிவு ஷீட்டுகளைக் கூரையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அடர்நிறக் கூரை வெயிலில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தார் இளகி நாறும், பிறகு பிரிந்து தொங்கும்.

ஐந்தாம் படி: வருகிற சத்தத்தை மறித்தல்

அதிர்வு அடங்கிய பிறகும் எஞ்சினின் சத்தம் காற்று வழியே வரும். அதை மறிக்கக் கனம்தான் வேண்டும். ஒரு தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் கணக்கின்படி 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும், நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். கனமான வினைல் ஷீட் என்று விற்பது இதற்காக. சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ வகைதான் அதிகம் பயன்படுவது. அதைத் தகரத்தின்மேல் நேரடியாக ஒட்டாமல், நடுவே 6 முதல் 10 மி.மீ. ஃபோம் கொடுத்துத் தொங்கவிட வேண்டும். ஃபோம் நடுவே இருந்தால்தான் தகரத்தின் ஆட்டம் வினைலுக்குத் தாவாது. துண்டுகளின் இணைப்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் போடுங்கள். அந்த ஒரு சதவீத ஓட்டைக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

வண்டி முழுவதும் இதைச் செய்ய எடை இடம் கொடுக்காது. மூன்று இடங்கள் போதும்: ஃபயர்வாலும் முன்தரையும், எஞ்சின் மூடி, பின் சக்கர வளைவுகள்.

முன் இருக்கைகளுக்கு அடியில் எஞ்சின் உள்ள பழைய டொயோட்டா ஹையேஸ் போன்ற வேன்களில் எஞ்சின் மூடிதான் எல்லாம். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் நசுங்கித் தட்டையாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பூட்டும் கொக்கிகள் இறுக்கிப் பிடிக்கின்றனவா என்றும் பாருங்கள். மூடியின் எஞ்சின் பக்கத்தில் ஒட்டுவது தீப்பிடிக்காத, அதிக வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஃபோம் எண்ணெயை உறிஞ்சித் திரி போலாகிவிடும். பிசினை மட்டும் நம்பாமல் வாஷர் வைத்த ஸ்க்ரூவாலும் பிடியுங்கள், கழன்று பெல்ட்டின்மேலோ ஃபேனின்மேலோ விழுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. ஃபோக்ஸ்வேகன் டைப் 2 போலப் பின்னால் காற்றால் குளிரும் எஞ்சின் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எஞ்சின் அறைக்குக் காற்று வரும் வழிகளை எந்தக் காரணத்துக்காகவும் குறுக்கக்கூடாது.

சக்கர வளைவுகளுக்கு மட்டும் ‘கால் பங்கு’ விதி கிடையாது. கல்லும் தண்ணீரும் நேரடியாக அடிக்கிற இடம் அது. உட்பக்கம் முழுக்க பியூட்டைல், அதன்மேல் ஃபோம், அதன்மேல் வினைல். வெளிப்பக்கம் சுத்தம் செய்து, துரு எடுத்து, கல்லடி தாங்கும் ரப்பர் கோட்டிங் அடியுங்கள். முடிந்தால் பிளாஸ்டிக் லைனரும் போடலாம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் வயிற்றுக்குள் ஒலிப்பது போல வருமே ‘பூம்ம்’ என்ற அடிச்சத்தம், அது ஃபோமால் அடங்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர். அதை உறிஞ்சிக் குறைக்க, அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 85 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் உயர்ந்த சுதிச் சீறல்களைத்தான் குறைக்கும். அடிச்சத்தத்துக்கு மருந்து எஞ்சின் மவுண்ட், சைலன்சர், தகட்டின் அதிர்வு அடக்கம் ஆகியவைதான்.

ஆறாம் படி: ஒயரிங், இப்போதே

இன்சுலேஷன் போட்ட பிறகு ஒயர் இழுப்பது கொடுமை. எங்கே விளக்கு, எங்கே ஃபேன், எங்கே சோலார் கேபிள் என்று இப்போதே முடிவு செய்து, நெளிகுழாய்க்குள் ஒயரை இழுத்துவிடுங்கள். இன்சுலேஷனுக்குள் புதைந்த ஒயரின் சூடு வெளியேறாது, அது தாங்கும் மின்னோட்டம் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். ஒரு அளவு தடித்த ஒயரைப் போடுங்கள், இல்லாவிட்டால் இன்சுலேஷனுக்கு வெளியே உட்பலகைப் பக்கமாகக் கொண்டுபோங்கள். தெர்மக்கோல் வகைப் பலகையோடு பி.வி.சி. ஒயர் நேரடியாக உரசிக் கிடந்தால் ஒயரின் மேலுறை காலப்போக்கில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நடுவே குழாய் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஏழாம் படி: வெப்பக்காப்பு

எதிரி வெப்பமோ குளிரோ மட்டுமல்ல, ஈரமும்தான். தூங்கும் ஒருவர் மூச்சிலும் வேர்வையிலுமாக ஒரு இரவில் கால் லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் காற்றில் கலக்கிறார். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகும். உள்ளே 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வேர்க்கும். வெளியே 5 டிகிரி என்றால் தகரம் நிச்சயம் வேர்க்கும். உட்பலகைக்குப் பின்னால் வேர்த்தால் அது உங்கள் கண்ணில் படாது, துருவாக வெளியே வரும்போதுதான் தெரியும். ஆகவே ஈரக்காற்று தகரத்தைத் தொடாதபடி செய்ய வேண்டும்.

பழைய வேனின் வளைந்த சுவர்களுக்கு என் முதல் தேர்வு நைட்ரைல் ரப்பர் ஃபோம். ஏசி குழாய்களைச் சுற்றிக் கறுப்பாக இருக்குமே, அதே இனம். தண்ணீர் உறிஞ்சாது, வளையும், இடைவெளியில்லாமல் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும், தீ பரவலைத் தாமதப்படுத்தும் வகைகளும் கிடைக்கின்றன. பாலியூரிதேன் வகைப் பலகைகளுக்கு அதைவிட அதிகத் தடுப்பு உண்டு, ஆனால் வளையாது. வளைந்த தகரத்தின் முன் நேர்ப்பலகையை வைத்தால் பின்னால் ஓர் இடைவெளி உண்டாகும், ஈரம் அங்கே தேங்கும். எக்ஸ்.பி.எஸ். பலகையை (தெர்மக்கோல் இனத்தின் கெட்டியான வகை) தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கம்பளி, பாலியெஸ்டர் பஞ்சு ஆகியவை சத்தத்தையும் உறிஞ்சும் என்பதால் ஆசை வரும். ஆனால் அவற்றின் ஊடே ஈரக்காற்று சுலபமாகப் போகும். தகரத்தில் ஃபோம் ஒட்டிய பிறகு, மிஞ்சும் குழிகளில் பஞ்சை நிரப்பினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். கண்ணாடி நாரை ஓடுகிற வண்டியில் வைக்க மாட்டேன். அது குலுங்கிக் குலுங்கி அடியில் இறங்கிவிடும்.

ஸ்பிரே ஃபோம் பற்றி ஒரு வார்த்தை. புது வண்டிக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். பழைய வண்டிக்கு வேண்டாம். இன்னும் சில வருடத்தில் எங்காவது வெல்டிங் தேவைப்படும், அப்போது பின்னால் இருக்கும் ஃபோம் எரிந்து நச்சுப் புகை வரும். பெட்டிச் சட்டங்களுக்குள் அடித்தால் வடிகால் துளைகள் அடைபட்டு, சட்டம் உள்ளிருந்து அழுகும்.

குமிழ் வைத்த அலுமினியத் தாளையும் பலர் அதிசயப் பொருளாக நினைக்கிறார்கள். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்ப, பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் ஒரு சில சென்டிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நசுக்கி வைத்தால் அது வெறும் மெல்லிய பிளாஸ்டிக். ஜன்னல் திரைக்குத்தான் அது நல்ல பொருள்.

ஒட்டும்போது: அட்டையில் அளவெடுத்து வெட்டிப் பார்த்து, பிறகு ஃபோமை ஒரு சில மி.மீ. பெரிதாகவே வெட்டுங்கள். நெருக்கி வைத்தால் இணைப்புகள் இறுகும். வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பிசினை இரண்டு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. கதவுகளையெல்லாம் திறந்து வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், ஆவி தலையைச் சுற்றும், தீயும் பிடிக்கும். தின்னர் கலந்த பிசின் எக்ஸ்.பி.எஸ். பலகையைக் கரைத்துவிடும். அதற்கு பாலியூரிதேன் பிசினைப் பயன்படுத்துங்கள். சுவருக்கு 20 முதல் 25 மி.மீ., கூரைக்கு உயரம் அனுமதித்தால் 30 மி.மீ.க்கு மேல் வைக்கலாம். இணைப்புகளுக்கு அலுமினிய டேப்.

எல்லாரும் விட்டுவிடுகிற இடம் விலா எலும்பு போல ஓடும் இரும்புச் சட்டங்கள். இரும்பு வெப்பத்தைக் கடத்துவது ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். சட்டத்தை மூடாமல் உட்பலகையை அதன்மேல் நேரடியாக அடித்தால், குளிர் இரவில் பலகையின்மேல் ஈரக்கோடுகள் சட்டம் ஓடும் வழியைக் காட்டும். 6 மி.மீ. ஃபோம் பட்டையாவது சட்டத்தின்மேல் ஒட்டிவிடுங்கள்.

எட்டாம் படி: தரை

தரையின் நெளிவுகளை நிரப்ப மெல்லிய ஃபோம் பட்டைகள், அதன்மேல் 20 மி.மீ. எக்ஸ்.பி.எஸ்., அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட். மிதிக்கிற பாரத்தை எக்ஸ்.பி.எஸ். தாங்குமா என்று கவலை வேண்டாம், 300 கிலோபாஸ்கல் வகை ஒரு சதுர மீட்டருக்கு முப்பது டன் அழுத்தத்துக்குச் சமம். பிளைவுட்டின் விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். தரையில் ஸ்க்ரூ இறக்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், ஒயர்க்கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. பொருத்தப்படும் அலமாரிகளின் கனமே பெரும்பாலும் தரையைப் பிடித்துக்கொள்ளும், ஸ்க்ரூவே தேவைப்படாது. இருக்கைகளையும் சீட் பெல்ட்டையும் பிடிக்கும் போல்ட்டுகளின் அடியில் மட்டும் ஃபோமோ மரமோ வரக்கூடாது. அங்கே இரும்பின்மேல் இரும்புதான் உட்கார வேண்டும்.

ஒன்பதாம் படி: கண்ணாடி, காற்று, கூரை நிறம்

25 மி.மீ. ஃபோம் போட்ட சுவர் வழியாகப் போகிற வெப்பத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு, அதே பரப்பளவு ஒற்றைக் கண்ணாடி வழியாகப் போகிறது. முன்கண்ணாடியும் கதவுக் கண்ணாடிகளும் சேர்ந்து இரண்டு சதுர மீட்டர் என்றால், அது பத்து சதுர மீட்டர் சுவருக்குச் சமம். சுவரில் இன்னொரு சென்டிமீட்டர் ஏற்றலாமா என்று யோசிப்பதைவிட, கண்ணாடிக்கு ஒரு நல்ல மூடி தைப்பது மேல். வெளியே போடும் மூடி இரண்டு காரணத்தால் சிறந்தது: வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே தடுக்கிறது, குளிரில் கண்ணாடி உட்பக்கம் வேர்ப்பதையும் குறைக்கிறது. உள்மூடி என்றால் விளிம்பில் இடைவெளி இல்லாமல் கச்சிதமாக வெட்டுங்கள். ஓட்டுநர் அறைக்கும் பின்பகுதிக்கும் நடுவே கனமான திரை ஒன்று தொங்கவிட்டால் குளிரும் குறையும், சத்தமும் குறையும்.

வெப்பக்காப்பு வண்டியைக் குளிர வைக்காது, சூடாவதைத் தாமதப்படுத்தும். நாள் முழுக்க வெயிலில் நின்று உள்ளே ஏறிய சூட்டை இரவில் வெளியே விடாமலும் அதுவே பிடித்து வைக்கும். அதனால் கூரையில் ஒரு ஃபேனும், எதிர்ப்பக்கம் தாழ்வாகக் காற்று நுழைய ஒரு வழியும் வேண்டும். எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் கூரைக்கு வெள்ளை அடியுங்கள். இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான்.

அடுப்புக்கும் ஹீட்டருக்கும் என்று அமைத்த காற்றுத் துளைகளையும், எரிவாயு சிலிண்டர் அறையின் அடித்துளையையும் இன்சுலேஷனால் மூடிவிடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். இடுக்கெல்லாம் அடைத்து இறுக்கிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தூங்கக்கூடாது.

பத்தாம் படி: உட்பலகையும் கடைசிச் சோதனையும்

பலகை மோதுகிற இடங்களிலெல்லாம் ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள். பலகையோடு பலகை உரசும் ‘கிறீச்’ சத்தம், எஞ்சின் சத்தம் குறைந்த பிறகு இருமடங்கு எரிச்சலூட்டும். மெல்லிய பிளைவுட்டின்மேல் நார்த்துணியோ கம்பள விரிப்போ ஒட்டினால் உள்ளே எதிரொலி நன்றாகக் குறையும். மெத்தையும் திரையும் வந்த பிறகு இன்னும் குறையும். ஆகவே அவை வருவதற்கு முன் ‘போதவில்லை’ என்று கூடுதல் ஷீட் வாங்காதீர்கள். சில பலகைகளையாவது ஸ்க்ரூவைக் கழற்றினால் எடுக்கும்படி அமையுங்கள், சக்கர வளைவுக்கு மேலுள்ளதும் பின்கதவில் உள்ளதும் முக்கியம்.

இனி பழைய சாலையில் பழைய வேகத்தில் அதே கைபேசியோடு ஓட்டுங்கள். குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எடை மேடையில் ஏற்றி, வண்டியின் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, டயர் காற்றைப் புதிய எடைக்கு ஏற்ப மாற்றுங்கள். முதல் குளிர் இரவுக்குப் பிறகு காலையில், கழற்றும்படி அமைத்த பலகைகளில் ஒன்றை எடுத்துவிட்டுக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்தப் பக்கத்து இணைப்புகளில் டேப் எங்கோ பிரிந்திருக்கிறது, பலகையை மாட்டுவதற்கு முன் அதைத் தேடிப் பிடித்து ஒட்டுங்கள்.